வன்னியில் ஒரு நல்ல மனிசனை நினைவில் வைத்திருக்க: மரண அறிவித்தலிலிருந்து ஆண்டுத் திருப்பலி வரை முழுமையான வழிகாட்டி

செத்தவீடு முடிந்து பந்தலும் கதிரைகளும் போனபிறகுதான் பல வீடுகளில் இந்தக் கேள்வி வருகிறது. முப்பத்தோராம் நாளுக்கு கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும், அதில் அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது? ஒரு பிள்ளை கிளிநொச்சியில், ஒன்று பிரான்சில், ஒன்று கனடாவில். ஆளுக்கொரு நேரத்தில் போன் எடுத்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நாள் ஓடுகிறது, கடைசியில் அச்சகத்தில் கிடக்கும் வேறொருவருடைய கல்வெட்டை எடுத்து பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பக்திமான், பண்பாளர், சமூக சேவையாளர் என்று அதில் இருக்கும். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அதை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு தன் அப்பப்பா எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு துளியும் விளங்காது.

பதவியில் இருந்தவரைப் பற்றி எங்காவது ஒரு பதிவு இருக்கும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், வயலையும் வீட்டையும் பார்த்து, பிள்ளைகளைப் படிப்பித்து, அயலுக்குக் கைகொடுத்து வாழ்ந்த மனிசனுக்கு அவரை அறிந்த ஆக்களின் ஞாபகத்தைத் தவிர வேறு பதிவு கிடையாது. அதுவும் வன்னியில் இன்னும் மெல்லியது. அல்பம், கடிதம், கொப்பி, சான்றிதழ் எல்லாம் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொரு பங்காகப் போய், 2009இல் உடுத்த துணியோடு வவுனியாவின் மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்த குடும்பங்கள் எத்தனை. ஆகவே இங்கே ஒருவரை நினைவுகூருவதென்றால் முதல் வேலை சேகரிப்பதுதான், அதையும் கெதியாகச் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்றச் சபைகளுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலாவது: மரண அறிவித்தல்

இது அவசரத்தில் எழுதப்படுவது, ஆனால் அதிகம் பேர் வாசிப்பதும் இதைத்தான். வடிவம் எல்லாருக்கும் தெரியும்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, மருமகன், மைத்துனர், சகலன், பேரன், பிறகு திருப்பலி நேரம், எந்தச் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்), தகவல் குடும்பத்தினர். அந்த வடிவத்தை மாற்ற வேண்டாம், அது வேலை செய்கிற வடிவம். ஆனால் மூன்று இடத்தில் கவனமாக இருங்கள்.

ஒன்று, பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, ஊரில் கூப்பிடுவது இன்னொன்று என்று எங்கள் ஆக்களுக்கு இருக்கும். சட்டப் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி, ஊர்ப்பெயரை அடைப்புக்குறிக்குள் கட்டாயம் போடுங்கள். பாதிப் பேருக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான் தெரியும். இதே எழுத்துக்கூட்டல் மரணப் பதிவிலும் வர வேண்டும். வீட்டில் நடந்த மரணமென்றால் கிராம அலுவலரின் அறிக்கையோடும், ஆஸ்பத்திரி மரணமென்றால் அங்கே தரும் பத்திரத்தோடும் பதிவாளரிடம் போகும்போது அடையாள அட்டையையும் விவாகப் பதிவையும் கையில் கொண்டுபோங்கள். பிறகு காணி, ஓய்வூதியம், வங்கி என்று போகும்போது ஒரு எழுத்துப் பிழை அம்மாவை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

இரண்டு, ஊர். வன்னியில் வாழ்ந்தவருக்கு ஒரு ஊர் போதாது. தீவுப்பக்கம் பிறந்து கமம் செய்ய வந்து குடியேறியவர், மன்னார்க் கரையிலிருந்து பெண் எடுத்து வந்தவர், 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திரும்பிப் போகாதவர் என்று பலர். எல்லா ஊரையும் போடுங்கள். தோட்டத்தில் பிறந்தவரென்றால் தோட்டத்தின் பெயரையே போடுங்கள், அதை மறைக்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நாற்பது வருடம் தொடர்பில்லாத ஒரு சொந்தம் போன் எடுக்கும், நீங்கள் பிறகு தேடப்போகும் கதைகளில் பாதி அங்கேதான் இருக்கும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. போரில் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு மகனோ மகளோ அந்த வீட்டில் இருந்தால், பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று யாரும் தன்பாட்டில் போட்டுவிடக் கூடாது. அறிவித்தல் எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரு மருமகனோ அயலவரோதான். போகிற போக்கில் அந்தச் சொல் விழுந்துவிடும், அன்றைக்கே புருஷனைப் புதைக்கிற அந்தத் தாய் அதைப் பத்திரிகையில் பார்ப்பார். அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். "காணாமல் ஆக்கப்பட்ட" என்று போடச் சொல்வார், அல்லது மற்றப் பிள்ளைகளோடு ஒரு அடைமொழியும் இல்லாமல் போடச் சொல்வார். அவர் சொல்கிறபடிதான்.

உறவுப் பட்டியலை அப்பா பக்கத்தில் ஒருவரும் அம்மா பக்கத்தில் ஒருவரும் பார்த்தபிறகு கொடுங்கள். விடுபட்ட பெயரால் வரும் மனக்கசப்பு பல வருடம் போகும்.

இரண்டாவது: கோயிலில்

பங்குத்தந்தை புதியவராக இருக்கலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்தவருக்கு உங்கள் அப்பா மூன்றாவது வாங்கில் இருக்கும் ஒரு வயதானவர் மட்டுமே. ஆகவே மறையுரைக்கு உதவியாக அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தெந்தச் சபையில் என்ன பொறுப்பு வகித்தார் என்ற பட்டியலைவிட, அவர் செய்த ஒரு காரியம், வீட்டில் எப்படிச் செபித்தார், கடைசி நாட்களில் என்ன சொன்னார், இவ்வளவும் ஃபாதருக்கு உதவும்.

குடும்பத்தில் ஒருவர் பேச விரும்பினால் அதற்குரிய இடம் நற்கருணைக்குப் பிந்திய மன்றாட்டு முடிந்து, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்க முன்பு. ஒருவர் மட்டும், நாலைந்து நிமிடம். ஊர்ச்சங்கம், பாடசாலை, கட்சி என்று எல்லாரும் பேசவேண்டிய அஞ்சலி உரைகளை வீட்டிலேயே, பெட்டி எடுக்க முன்பு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் அது செபத்தை இழுத்தடிக்கும். அழுகை வரும், பேச முடியாமல் போகும் என்று பயமென்றால் எழுதி வைத்து, உங்களுக்குப் பின்னால் வாசிக்கக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வாசகங்களை நீங்களே தெரிந்து கொடுக்கலாம். சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரமும் யோவான் 14ஆம் அதிகாரமும் வழக்கமாக வருபவை, நல்லவைதான். ஆனால் மனிசனைப் பார்த்துத் தெரியுங்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டவரென்றால் மத்தேயு 25. பிள்ளைகளைச் சுற்றி இருத்தி வைத்துச் சாப்பிட்டவரென்றால் திருப்பாடல் 128, உண்ணும் இடத்தில் ஒலிவக் கன்றுகளைப்போல் பிள்ளைகள் சூழ்ந்திருப்பதைப் பற்றியது. வீட்டுச் செபத்துக்கு தோபித்து 4ஆம் அதிகாரத்தைப் பலர் நினைப்பதில்லை. ஒரு தகப்பன் மகனைக் கூப்பிட்டு தாயைக் கவனமாகப் பார், உன்னிடம் உள்ளதில் இல்லாதவனுக்குக் கொடு என்று சொல்லும் பகுதி, மூத்த மகன் அதை வாசித்தால் வீட்டில் எல்லாருக்கும் அது அப்பாவின் குரலாகவே கேட்கும்.

தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த திருச்சபைக் குடும்பங்களில் ஒழுங்கு வேறு. அங்கே இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கம் இல்லை, போதகரோடு கதைத்து ஞாபகார்த்த ஆராதனையோ நன்றி ஆராதனையோ வைப்பார்கள், குடும்பச் சாட்சிக்கு அதில் கூடுதல் நேரம் கிடைக்கும். கீழே கதை சேகரிப்பதைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மூன்றாவது: கதைகளைச் சேகரித்தல்

முழு வேலையின் நெஞ்சு இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தன்னால் வரும்.

நேரம்: அடக்கம் முடிந்து, அயலவர் பின்னேரங்களில் கூடிச் செபமாலை சொல்கிற நாட்கள். செபமாலை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அரைமணி நேரம் இருப்பார்கள், அப்போது வரும் கதைகள் வேறெப்போதும் வராது. ஒரு பிள்ளையோ மருமகளோ பக்கத்தில் கொப்பியோடு இருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போவதற்கு முன்பும் இதுதான் நேரம்.

யாரைக் கேட்பது? வீட்டு ஆக்கள் முதலில் வேண்டாம். நல்ல மனிசர் செய்கிற காரியங்களில் கணிசமானவை வீட்டுக்குத் தெரியாமல் நடப்பவை, அம்மாவுக்குத் தெரிந்தால் "எங்களுக்கே இல்லை" என்பார் என்று பயந்து செய்தவையும் இருக்கும். கூட வயல் செய்தவர், தண்ணி முறைக்கு இரவில் வாய்க்காலில் கூட இருந்தவர், கோயில் வேலைகளைப் பார்க்கும் சக்கிறிஸ்தான், பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றவர், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையில் கூட வீடு வீடாகப் போனவர், மெனிக் பாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த குடும்பம், சைக்கிள் கடைக்காரர், அவரிடம் கூலிக்கு வேலை செய்தவர்கள், ஒழுங்கையில் இருக்கும் சைவக் குடும்பங்கள். கடைசியில் சொன்ன இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மனிசன் தன்னிடம் வேலை செய்தவனோடு எப்படிக் கதைத்தான், தன் மதத்தில் இல்லாத அயலவனின் செத்தவீட்டில் எவ்வளவு நேரம் நின்றான் என்பதில் தெரியும் குணம் கோயில் கூட்டத்தில் தெரியாது.

எப்படிக் கேட்பது? "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனிசன்" என்றுதான் வரும். அதை எழுதாதீர்கள், அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "உங்களுக்கு என்ன செய்தவர்?" "கடைசியாய் எப்ப கண்டனீங்கள், என்ன கதைச்சவர்?" "முதல் மழைக்கு யாருடைய வயலை முதலில் உழுதவர்?" "எதுக்குக் கோபம் வரும்?" "பூசைக்கு வந்தால் எங்கே இருப்பார், முடிந்ததும் என்ன செய்வார்?" இப்படிக் கேட்டால் ஒரு சம்பவம் வரும். சம்பவம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு இருங்கள், அவர் சொல்லி முடிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஐயா இருந்தார். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்து வயல் உழுது சீவித்தவர். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி வயதானவர்களைப் பூசைக்கு ஏற்றிப்போவது எல்லாருக்கும் தெரிந்த விசயம், பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள் முதிரைப் பலகையில் அடித்த ஒரு சின்ன முக்காலி எப்போதும் கிடக்கும், கால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது ஏன் அங்கே கிடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒழுங்கைக் கடைசியில் இருந்த ஒரு பாட்டிதான் சொன்னார்: அவர் அதைக் கீழே போட்டுவிட்டு, கையைப் பிடித்துத் தூக்காமல் தோளை மட்டும் கொடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பிடித்துத் தூக்கினால் தங்களுக்கு ஏலாமல் போய்விட்டது என்று கிழவிகளுக்கு மனம் நோகுமென்று. இந்த ஒரு விசயம் அந்த மனிசனைப் பற்றிச் சொல்வதை எந்த அடைமொழியும் சொல்லாது. அந்தப் பாட்டியைக் கேட்காமல் விட்டிருந்தால் அது அவரோடேயே போயிருக்கும்.

போனில் ஒலிப்பதிவு செய்யலாம், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வன்னியில் ஒருவர் முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்தால் பலர் இன்றைக்கும் சுருங்கிப் போவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. சிலரிடம் கொப்பியே நல்லது. போரின் கடைசிக் காலமான 2008, 2009 பற்றிய கதை வந்தால் அவர்கள் சொல்கிற அளவுக்கு மட்டும் கேளுங்கள், தோண்ட வேண்டாம், அச்சிடலாமா என்று தனியாகக் கேளுங்கள். மாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ அவர் யாருக்கோ கொடுத்த ஒரு வாளி தண்ணீரின் கதை அச்சில் வரத்தான் வேண்டும், ஆனால் அதைச் சொன்னவர் சம்மதித்தால் மட்டும்.

இன்னொன்று. அப்பாவிடமிருந்து காசு வாங்கியவர்கள், அரிசி வாங்கியவர்கள், அவர் கொடுத்த பணத்தில் பிள்ளையைப் படிப்பித்தவர்கள் தாங்களாகவே வந்து சொல்வார்கள். கேளுங்கள், வீட்டுக் கொப்பியில் குறித்து வையுங்கள், ஆனால் அந்தப் பெயர்களை அச்சில் கொண்டுவராதீர்கள். அவர் மறைவாகக் கொடுத்ததை நீங்கள் கல்வெட்டில் போட்டால், வாங்கிய குடும்பம் பூசைக்கு வரும்போது தலை குனிய வேண்டிவரும். "பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய் சொன்னது" என்று போட்டால் போதும்.

அவருடைய சின்னக் குறைகளையும் பிடிவாதங்களையும் விட்டுவிட வேண்டாம். பிரசங்கம் நீண்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார், புட்டுக்குத் தேங்காய்ப்பூ குறைந்தால் கதைக்கமாட்டார், மகள் வெளிநாடு போகும்போது விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். இதெல்லாம் இருந்தால்தான் பேரப்பிள்ளைக்கு ஆள் தெரிவார்.

அம்மாவைக் கடைசியாகக் கேளுங்கள், அவசரப்படுத்தாமல். சேகரித்த கதைகளை அவருக்கு வாசித்துக் காட்டினால் அதிலிருந்து அவர் தொடங்குவார். "ஓம், அந்த முக்காலி நான்தான் செய்யச் சொன்னது" என்று வரக்கூடும்.

நான்காவது: படமும் குரலும்

வீட்டில் படம் இல்லையென்று முடிவு கட்ட வேண்டாம், வெளியில் இருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலியாணம், முதல் நன்மை, உறுதிபூசுதல் என்று எடுத்த படங்களில் ஒரு பிரதியைக் கடிதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிற பழக்கம் இருந்தது. இங்கே எரிந்த அல்பத்தின் பாதி ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு அலுமாரிக்குள் இருக்கும். மாமிமாரிடம் "அப்பாவின் படம் இருக்கா" என்று கேட்காமல் "உங்கள் கலியாண அல்பத்தில் கூட்டமாய் நிற்கிற படங்களை எல்லாம் எடுத்து அனுப்புங்கோ" என்று கேளுங்கள், பின்வரிசையில் அவர் நிற்பார். மடு மாதா கோயிலில் எடுத்த படங்களையும் தேடுங்கள். ஆடித் திருவிழா ஜூலை 2, ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15, இரண்டுக்கும் கூடாரம் அடித்துத் தங்கிய குடும்பங்கள் அங்கே படம் எடுத்திருப்பார்கள், நீங்கள் எடுக்காவிட்டாலும் கூடப் போனவர்கள் எடுத்திருப்பார்கள்.

படத்தை எடுக்கும்போது வெளியில் நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அச்சுக்கு அதுதான் வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், கண்ணாடிக்கு மேலாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று மெதுவாக எழுதி வையுங்கள், பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும்.

திகதிகளுக்கு பங்கின் பதிவேடுகள் உதவும்: ஞானஸ்நானம், திருமணம். போரில் அழிந்த பதிவேடுகளும் உண்டு, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் கீழ். வவுனியாவும் மன்னாரும் மன்னார் மறைமாவட்டம், அது 1981இல்தான் தனியாகப் பிரிந்தது. ஆகவே வவுனியாப் பக்கம் அதற்கு முன் நடந்த திருமணமொன்றைத் தேடுகிறவர்கள் யாழ்ப்பாண ஆயர் இல்லத்திலும் விசாரிக்க வேண்டிவரும்.

குரலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவருடைய போனைத் துடைத்துப் பேரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிம்முக்கு காசு போட்டு வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப், வைபரில் அவர் அனுப்பிய குரல் செய்திகளை ஒவ்வொரு பிள்ளையும் தன் போனிலிருந்து எடுத்து ஒரு கணினியில் சேர்க்கட்டும். வாட்ஸ்அப் கணக்கைப் பொதுவாக 120 நாள் பாவிக்காமல் விட்டால் நீக்கிவிடுவார்கள், அதற்கு முன் வேலையை முடியுங்கள். "சாப்பிட்டியா மகள், பூசைக்குப் போனியா" என்ற ஏழு விநாடிச் செய்தியாக இருந்தாலும் எறிய வேண்டாம். தவக்காலத்தில் கோயிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படித்தவரென்றால், யாராவது ஒரு இளைஞன் போனில் எடுத்திருப்பான், பாடகர் குழுவில் விசாரியுங்கள்.

ஐந்தாவது: கல்வெட்டு எழுதுவது

நடுவில் கம்பி அடிக்கிற புத்தகமென்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். 16 பக்கம் தாராளம். வாழ்க்கைக் குறிப்புக்கு இரண்டு பக்கம், சேகரித்த கதைகளுக்கு ஆறு ஏழு பக்கம், படங்கள், குடும்ப மரம், அவருக்குப் பிடித்த செபம் அல்லது பாட்டு, நன்றி. ஆசிச் செய்திகளையும் இரங்கல் செய்திகளையும் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள், அவரை அறியாதவர் எழுதும் செய்தியால் பக்கம்தான் நிரம்பும். பாட்டு வேண்டுமென்றால் அச்சகத்தில் உள்ள வெண்பாவை விட, பேத்தி எழுதிய நாலு வரி நல்லது, தளை தட்டினாலும் பரவாயில்லை.

எழுத்தைப் பற்றி. "அன்னார் ஏழைகளுக்கு இரங்கும் பண்பாளராகவும் இறைபக்தி மிக்கவராகவும் விளங்கினார்" என்ற இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஞாயிற்றுக்கிழமை விடிய லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டால் ஒழுங்கையில் உள்ள அம்மம்மாமார் படலைக்கு வந்துவிடுவார்கள். ஐயா பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுவிட்டு தோளைக் கொடுப்பார். மழையென்றால் தறப்பாளைக் கட்டிக்கொண்டு வருவார். அவருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறுகளில் மகனை அனுப்பினாரே தவிர, அவர்களை விட்டுவிட்டுப் போன ஞாயிறு இல்லை."

பெரிய தமிழ் ஒன்றும் தேவையில்லை. நடந்ததை நடந்தபடி, ஊர்ச்சொல்லோடு. எழுதியதை ஊரில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள், "ஓம், அது அவர்தான்" என்று சொன்னால் சரி. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதென்றால் ஒரு மாமாவோ மாமியோ முழுவதையும் வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பிவிடலாம், இரண்டு மூன்று மொழியில் அடிக்கிற செலவு மிஞ்சும்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பளபளப்புத் தாளில் நூற்றுக்கணக்கில் அடித்துப் பாதியைப் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நுண்கடன் எடுத்து கல்வெட்டு அடிக்கவே கூடாது, அந்தக் கடனால் வன்னியில் பெண்கள் பட்ட பாடு தெரியாதவர் யாருமில்லை. காசில்லையென்றால் எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை, வேண்டிய அளவு மட்டும். கதை நன்றாக இருந்தால் தாளை யாரும் பார்ப்பதில்லை.

ஆறாவது: முப்பத்தோராம் நாள்

இறந்த நாளை ஒன்றாக வைத்து எண்ணுங்கள். வேலைநாளில் வந்தால் பக்கத்துச் சனிக்கு மாற்றுவதில் குற்றமில்லை. பூசைக் கருத்தை பங்குப் பணிமனையில் முன்கூட்டியே கொடுங்கள், தவக்காலத்தில் வந்தால் ஃபாதரோடு திகதியைப் பேசி முடிவெடுங்கள், பெரிய வெள்ளியன்று எங்கும் பூசையே இல்லை. மன்றாட்டுகளை பேரப்பிள்ளைகளே எழுதி வாசிக்கட்டும்.

சாப்பாடு. அயலில் சைவக் குடும்பங்கள் இருந்தால் மரக்கறிச் சமையலைத் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில், அதை அறிந்த ஒருவர் கையில் கொடுங்கள். அவர்கள் ஒரு மாதமாக உங்கள் வீட்டுக்கு வந்து செபமாலை நேரத்தில் மௌனமாக இருந்தவர்கள். மீதி சாப்பாட்டு விசயங்கள் உங்கள் அத்தைமாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஏழாவது: கல்லறையும் கார்த்திகை மாதமும்

சிமெந்து வேலையை உடனே தொடங்க வேண்டாம். ஒரு மாரி போகட்டும், மண் இறுகட்டும், இல்லையென்றால் கட்டிய மேடை வெடிக்கும். அதுவரை மரச்சிலுவை போதும். என்ன கட்டலாம் என்பதை அருட்பணிச் சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில பங்குகளில் அளவும் உயரமும் வரையறுத்திருக்கிறார்கள், ஒரே மாதிரிச் சிலுவை மட்டும் என்கிற இடமும் உண்டு. கல்லில் வெட்டப் போகும் எழுத்தைத் தாளில் பெரிதாக அடித்து, ன, ண, ர, ற எல்லாம் பார்த்து, கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நாள், எங்கள் பக்கத்தில் மழைக்குள்தான் வரும். ஒக்டோபர் கடைசியிலேயே புல் வெட்டி, தண்ணி ஓட ஒரு சின்ன வாய்க்காலும் எடுத்துவிடுங்கள். மெழுகுதிரி காற்றில் நிற்காது, வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்தால் நிற்கும். வீட்டில் கல்லறையே இல்லாமல் போனவர்கள் இருந்தால், எங்கே புதைத்தோம் என்று தெரியாத ஒரு தம்பி, கொண்டுவர முடியாமல் விட்டுவந்த ஒரு குழந்தை, அவர்களுக்கும் அப்பாவின் கல்லறையில் ஒரு திரி கொளுத்துங்கள், ஃபாதரிடம் கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் அவர்களையும் எழுதுங்கள். பல குடும்பங்கள் இதைச் செய்கின்றன, இன்னும் பல குடும்பங்கள் செய்யலாமா என்று தயங்கிக்கொண்டு நிற்கின்றன. செய்யலாம். காணாமல் போனவர்களை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க முன் அம்மாவைக் கேளுங்கள்.

எட்டாவது: அந்த வருடம் முழுவதும்

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்பார்கள். நினைவு மண்டபம், அறக்கட்டளை, கோயில் வாசலில் பெயர்ப்பலகை. ஊரில் நின்று நடத்த ஆளில்லாத அறக்கட்டளையைத் தொடங்காதீர்கள். அப்பா செய்துவந்த ஒரு காரியத்தைப் பிடித்து ஒரு வருடம் விடாமல் செய்யுங்கள். வயதானவர்களைப் பூசைக்கு ஏற்றினாரென்றால் ஒரு மகன் ஓட்டட்டும், மற்றப் பிள்ளைகள் டீசலுக்கு அனுப்பட்டும். தைமாத அறுவடையில் முதல் மூட்டை யாருக்குப் போனது என்று கேட்டு, அதே வீட்டுக்கு அனுப்புங்கள். காசு கொடுக்க விரும்பினால் வின்சென்ட் டி போல் சபையிடம் பெயர் சொல்லாமல் கொடுங்கள், யாருக்கு எது தேவை என்று அவர்களுக்குத் தெரியும்.

அம்மாவை மடுவுக்குக் கூட்டிப் போங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஏலாதென்றால் ஒரு சாதாரண நாளில், அப்பா வழக்கமாகக் கூடாரம் அடிக்கும் மரத்துக்குக் கீழே இருத்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஆண்டுத் திருப்பலிக்கு முன்பாகக் கொப்பியைத் திரும்ப எடுங்கள். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு ஆக்கள் றோட்டில் மறித்துச் சொன்ன கதைகள், பிந்தி வந்த படங்கள், கல்வெட்டில் பிழையாகப் போன திகதிகள் எல்லாம் சேர்ந்திருக்கும். அவற்றைத் திருத்திச் சேர்த்து ஒரு கணினிக் கோப்பாக்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். அச்சுப் பிரதிகளில் ஒன்றைப் பங்குப் பணிமனைக்கும், ஒன்றை அவர் படித்த பாடசாலை நூலகத்துக்கும் கொடுங்கள். இன்னொன்றை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைக்கிறார்கள். இணையத்துக்குப் போகும் பிரதியில் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்களும் உள்ள பக்கத்தை எடுத்துவிட்டு, கதை சொன்னவர்களிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.